நோட்டு நிறைய வார்த்தை இருக்கிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது

கேள்வி: சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் எம்.எஸ்ஸி. வேதியியல். அப்பா பட்டுத் தறி நெய்கிறார். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிரிலிம்ஸ் தேறிவிடுகிறேன், மெயின்ஸில் ஆங்கிலம் காலை வாரிவிடுகிறது. தினமும் இருபது கடினமான வார்த்தை, பக்கத்தில் தமிழ் அர்த்தம் என்று மூன்று நோட்டு எழுதிவிட்டேன், ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. மறக்காத வார்த்தையும் தேர்வில் உதவுவதில்லை, ஏனென்றால் கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இரண்டுக்கு என் நோட்டில் ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. மாதிரி நேர்முகத் தேர்வில் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது ‘நொட்டோரியஸ் வீவர்’ என்றேன், எதிரில் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், ஏன் என்று சொல்லவில்லை. தமிழ் அர்த்தமே எழுதாதே, ஆங்கிலத்திலேயே யோசி என்கிறார் கோச்சிங் சார். மூவாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு வொக்காபுலரி கோர்ஸ் இருக்கிறது, சேரலாமா?

பதில்:

முதலில் அந்தச் சிரிப்பை முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள், நொட்டோரியஸுக்கு நேராக ‘பேர்போன’ என்றோ ‘பெயர்பெற்ற’ என்றோ எழுதியிருப்பீர்கள். அந்த அர்த்தம் தப்பு என்று சொல்லமாட்டேன், பாதிதான் வந்திருக்கிறது. தமிழில் பேர்போன என்பது இரண்டு பக்கமும் போகும். மாம்பழத்துக்குப் பேர்போன சேலம் என்கிறோம், அதே வாயால் பேர்போன திருடன் என்றும் சொல்கிறோம், நல்லதா கெட்டதா என்பதை அடுத்து வரும் சொல் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை வார்த்தையே செய்துவிடுகிறது. நல்லதற்குப் பேர்போனவர் ரினௌன்ட், கெட்டதற்குப் பேர்போனவர் நொட்டோரியஸ், ஃபேமஸ் என்றால் பெரும்பாலும் நல்ல பக்கம்தான். ஆகவே நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு, பாவம், உங்கள் அப்பாவை ஊரறிந்த கேடி நெசவாளர் என்று அறிமுகம் செய்திருக்கிறீர்கள். சிரித்தவர்கள் ஒரு வரி திருத்திச் சொல்லியிருக்கலாம், மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துவதே அதற்குத்தானே.

சரி, அங்கே என்ன சொல்லியிருக்க வேண்டும்? ரினௌன்ட் என்றும் வேண்டாம், அது நாலு ஜில்லா தாண்டித் தெரிந்தவர்களுக்கு. ‘மை ஃபாதர் இஸ் எ ஸ்கில்ட் சில்க் வீவர்’, அவ்வளவுதான். கடினமான வார்த்தை தெரிந்திருப்பது ஒன்று, எல்லா இடத்திலும் அதைக் கொண்டுபோய் வைப்பது வேறொன்று. இந்தச் சபலம் வார்த்தைப் பட்டியல் படிக்கிற எல்லோருக்கும் வரும், கொஞ்சம் கட்டிப்போட்டு வையுங்கள்.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். நீங்கள் தமிழ் மீடியத்தில் படித்தவர், ஆகவே எனக்கு வேலை சுலபம். பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்தில் வினைமரபு என்று ஒரு பகுதி படித்திருப்பீர்கள். கூடை முடைந்தான், பானை வனைந்தான், ஆடை நெய்தான், சுவர் எழுப்பினான், பால் பருகினான். ஆடையை வனைந்தான், பானையை நெய்தான் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். முடைவது, வனைவது, நெய்வது மூன்றுக்கும் ‘செய்வது’ என்று ஒரே அர்த்தம் போட்டுவிடலாம், ஆனால் எது எதோடு சேரும் என்பது தெரியாமல் அந்த அர்த்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலேயே பாருங்கள், மழை பெய்யும், காற்று வீசும், வெயில் அடிக்கும், மின்னல் வெட்டும். காற்று பெய்தது என்று மூன்று வயதுக் குழந்தைகூட சொல்லாது. யாரும் அதற்கு விதி சொல்லிக் கொடுக்கவில்லை, ஆயிரம் தடவை காதில் விழுந்து படிந்தது.

ஆங்கிலத்தில் இதைத்தான் காலொகேஷன் என்கிறார்கள். பெயர்தான் மிரட்டலாக இருக்கிறது, விஷயம் நம் மரபுதான். ஏற்காட்டுக் காபியை ஸ்ட்ராங் காஃபி என்பார்கள், பவர்ஃபுல் காஃபி என்று சொல்லமாட்டார்கள். மழை என்றால் ஹெவி ரெயின், ஸ்ட்ராங் ரெயின் கிடையாது, ஆனால் காற்று என்று வந்துவிட்டால் ஸ்ட்ராங் விண்ட். உங்கள் மூன்று நோட்டிலும் இல்லாதது இது ஒன்றுதான். வார்த்தை இருக்கிறது, அர்த்தம் இருக்கிறது, யாரோடு சேரும் என்பது இல்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதில்லையே, எந்த ஊர், யார் வகையறா, கொடுக்கல் வாங்கல் யாரோடு என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் விடுவார்களா?

நான்கு விடையில் இரண்டுக்கு ஒரே அர்த்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒரு ஜோடி வைத்துப் பார்க்கலாம். அலீவியேட், மிட்டிகேட். இரண்டுக்கும் நேராக ‘தணி, குறை’ என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். இப்போது பொருளாதாரப் பாடத்தில் படித்த ஒரு சொற்றொடரை நினைத்துக்கொள்ளுங்கள்: பாவர்ட்டி அலீவியேஷன். வறுமை ஒழிப்புத் திட்டங்களைப் பற்றிய பாடத்தில் இது வராமல் இருக்காது. வங்கி சம்பந்தமாகப் படிக்கும்போது ரிஸ்க் மிட்டிகேஷன் என்று வந்திருக்கும். இரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், நோட்டு எழுதும்போதுதான் மறந்துவிட்டீர்கள். அலீவியேட் என்பது ஒருவர் இப்போது பட்டுக்கொண்டிருக்கும் கஷ்டத்தோடு சேர்கிறது: வலி, வறுமை, நோய்க்குறி, பசி. மிட்டிகேட் என்பது ஆபத்து, பாதிப்பு, சேதம், தாக்கம் ஆகியவற்றோடு அதிகம் சேர்கிறது, வரப்போவதன் கடுமையை முன்கூட்டியே குறைத்து வைப்பது என்ற சாயல் அதில் உண்டு. ஆகவே மூட்டுவலி மாத்திரைக்கு அலீவியேட், கடன் திரும்பாமல் போகும் அபாயத்துக்கு மிட்டிகேட். எல்லை கோடு போட்டாற்போல இருக்காது, இரண்டும் கலந்து வரும் இடங்களும் உண்டு, ஆனால் தேர்வில் கேள்வி எடுப்பவர் அந்தக் கலங்கல் இடத்தைத் தொடமாட்டார், தெளிவான இடத்தில்தான் கோடிட்ட இடம் வைப்பார்.

இன்னொன்று, கொஞ்சம் நுட்பமானது. எக்ஸாஸர்பேட். அர்த்தம் ‘மோசமாக்கு’ என்று எழுதியிருப்பீர்கள். அந்த அர்த்தத்தை நம்பி, ‘மழை ஏற்காடு மலைப்பாதையை எக்ஸாஸர்பேட் செய்தது’ என்று எழுதினால் தப்பு. தமிழில் படித்தால் சரியாகத்தான் தோன்றும், மழை பாதையை மோசமாக்கியது, அதில் என்ன குறை? குறை என்னவென்றால், இந்த வினை ஏற்கெனவே கெட்டுப்போயிருப்பதை மட்டுமே பின்னால் சேர்த்துக்கொள்ளும். பாதை ஒரு பொருள், அது ஒரு பிரச்சினை கிடையாது. சனி ஞாயிறு அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை கட்டி நிற்கிறதே, அந்த நெரிசல் பிரச்சினை. ஆகவே ‘மண்சரிவு வாரக்கடைசி நெரிசலை எக்ஸாஸர்பேட் செய்தது’ என்றால் சரி. மண் சரிந்து, வண்டியையெல்லாம் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டு, அந்தச் சின்ன ரோடும் திணறுகிறது என்றால் இன்னும் சரி. பார்த்தீர்களா, முதலில் ஒரு கெட்டது இருக்க வேண்டும், அதன் மேல் இன்னொன்று வந்து சேர வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது, ‘மோசமாக்கு’ என்பதில் இதில் பாதிகூட வரவில்லை.

அப்படியானால் இது எங்கே கிடைக்கும்? நல்ல விளக்கத்திலும் நல்ல உதாரண வாக்கியத்திலும். இரண்டிலுமே போலி நிறைய, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விளக்கம் என்பது வார்த்தையைவிட எளிதாக இருக்க வேண்டும் என்பது பார்த்தால் அற்ப விஷயம், ஆனால் அதற்கு அகராதிக்காரர்கள் ரொம்பக் காலம் எடுத்துக்கொண்டார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் நெட்வொர்க் என்ற வார்த்தைக்கு விளக்கம் பார்த்தால் ரெட்டிகுலேட்டட், டெகஸேட்டட் என்று போகும், வலை என்றால் என்னவென்று தெரிந்தவனுக்குக்கூட சந்தேகம் வந்துவிடும். வெளிநாட்டில் ஆங்கிலம் படிக்கிறவர்களை நினைத்து அகராதி செய்யலாம் என்று யோசித்தவர்கள் அப்படிப்பட்டவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள்தான். வங்காளத்தில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1935இல் கொண்டுவந்த அகராதியில் எல்லா விளக்கங்களையும் 1,490 எளிய வார்த்தைகளுக்குள்ளேயே எழுதினார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது, எந்த வினைக்குப் பின்னால் எது வரும் என்பதையும் சேர்த்துக் காட்டியது, அதுதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று உலகம் முழுக்கப் போயிற்று. 1978இல் லாங்மேன், சுமார் 2,000 வார்த்தைகளுக்குள் விளக்கம். 1987இல் காலின்ஸ் கோபில்ட், அது இன்னும் ஒரு படி மேலே போய் விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது: ஏதோ ஒன்று ஒரு பிரச்சினையை எக்ஸாஸர்பேட் செய்தால் அதை மேலும் மோசமாக்குகிறது என்கிற பாணியில். அந்த விளக்கத்தைப் படிக்கும்போதே ‘பிரச்சினையை’ என்று பின்னால் வர வேண்டிய ஆளும் கூடவே வந்துவிடுகிறது பாருங்கள். நாம் இவ்வளவு நேரம் மலைப்பாதையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியது அங்கே ஒரு வரி.

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த இந்த ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், காலின்ஸ் ஆகியவற்றைத்தான் லேர்னர் அகராதி என்கிறார்கள், மூன்றும் இன்று போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கூகுளில் வார்த்தையைத் தட்டினால் முதலில் வந்து நிற்கும் பெட்டி லேர்னர் அகராதியின் விளக்கமாக இருக்காது, ஆகவே அகராதியின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். கையடக்க அகராதிகளில் இன்னொரு சிக்கல், ஒரு வார்த்தைக்கு இன்னொரு கடின வார்த்தையை அர்த்தமாகப் போட்டுவிடுவார்கள், அதைப் போய்ப் பார்த்தால் முதல் வார்த்தையிடமே திருப்பி அனுப்புவார்கள். தேர்வுப் பட்டியல்களில் வரும் சினானிம் வரிசைகளும் இதே ஜாதிதான். நம் ஊரில் நிகண்டு மனப்பாடம் செய்த காலம் ஒன்று இருந்தது, திண்ணைப் பள்ளியில் ஒரு பொருளுக்குப் பல சொற்களைச் செய்யுளாகவே ஒப்பிப்பார்கள். ஆனால் அவர்கள் கூடவே பாட்டுகளையும் படித்தார்கள், எந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பது அங்கிருந்து வந்தது. பாட்டை விட்டுவிட்டு நிகண்டை மட்டும் படிப்பதுதான் பிடிஎஃப் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் செய்வது.

உதாரண வாக்கியத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன், எந்தப் புத்தகத்தை வாங்குவதற்கு முன்னும் கடையிலேயே நின்று செய்து பார்க்கலாம். வாக்கியத்தில் அந்த வார்த்தையை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பதை வைத்து வார்த்தையை ஊகிக்க முடிகிறதா? மெட்டிகுலஸ் என்று போட்டு ‘ஹி இஸ் எ மெட்டிகுலஸ் பெர்சன்’ என்று உதாரணம் கொடுத்திருப்பார்கள். மறைத்தால் அங்கே சோம்பேறி, உயரமான, முட்டாள், நல்ல, எதை வைத்தாலும் பொருந்தும். அந்த வாக்கியம் அந்த வார்த்தையைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை, மை செலவு. இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள்: ‘அந்தக் கணக்குப்பிள்ளை அவ்வளவு மெட்டிகுலஸ், தரையைக் கூட்டி எடுத்த வெள்ளித் தூளைக்கூட மில்லிகிராம் கணக்கில் தினமும் எழுதி வைப்பார்.’ மறைத்துப் பாருங்கள், வேறு வார்த்தை உள்ளே வர இடமில்லை. சோம்பேறி போனது, முட்டாள் போனான், நுணுக்கம் பார்க்கிறவர் மட்டும்தான் மிச்சம். கடையில் விற்கும் வொக்காபுலரி புத்தகங்களில் இந்தச் சோதனையில் தேறுகிற வாக்கியம் குறைவு, எனக்கு அதில் ரொம்ப நாளாகவே எரிச்சல்.

அகராதியில் வரும் வாக்கியத்தில் ஒன்றை அப்படியே எழுதிக்கொண்டு, அதன் கீழே உங்கள் வாக்கியம் ஒன்று எழுதுங்கள். உங்கள் வாக்கியம் உங்கள் தெருவிலிருந்து வர வேண்டும். யுபிக்விட்டஸ் என்றால் எங்கு பார்த்தாலும் இருப்பது, சேலத்தில் தட்டுவடை செட் கடை யுபிக்விட்டஸ், திரும்பிய பக்கமெல்லாம் ஒரு வண்டி நிற்கும், அது மறக்குமா? பயனியர் என்பது பெயராகத்தான் தெரியும், வினையாகவும் வரும், ஒரு வேலையை முதன்முதலில் ஆரம்பித்து வைப்பது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி சாகுபடியை பயனியர் செய்தார். இந்த வாக்கியத்தை ஒரு தடவை எழுதிவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு முயற்சி, ஒரு துறை, ஒரு முறை வரும் என்பதும் கூடவே பதிந்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. வாக்கியம் நீங்களே எழுதினால் தப்பையும் நீங்களே மனப்பாடம் செய்துவிடுவீர்கள், நொட்டோரியஸ் வீவர் அப்படி வந்ததுதான். அதனால் எழுதிய வாக்கியத்தைச் சரிபார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள். லேர்னர் அகராதிகள் சிலவற்றில் காலொகேஷனுக்கென்றே தனிப் பெட்டி போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் வாக்கியத்திலிருந்து இரண்டு மூன்று வார்த்தையை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள், நல்ல செய்தித்தாள்களில் அந்தச் சேர்க்கை வருகிறதா என்று தெரிந்துவிடும். சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியதைக் கொடுத்து இதில் என்ன தப்பு என்று கேளுங்கள், பிறகு அது சொன்னதை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தையே எழுதித் தரச் சொன்னால் அது நன்றாகத்தான் எழுதும், ஆனால் தேர்வு அறைக்கு அது வராது.

தமிழ் அர்த்தம் எழுதலாமா கூடாதா? உங்கள் சார் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எம்.எஸ்ஸி. வரை படித்தவருக்குத் தலைக்குள் இவ்வளவு பெரிய தமிழ்ச் சொத்து இருக்கும்போது அதைப் பூட்டி வை என்று ஏன் சொல்ல வேண்டும்? ஒரு புது வார்த்தையைப் பார்த்ததும் தமிழில் பிடித்துக்கொள்வதுதான் வேகம், லிப்கோ அகராதி இன்றைக்கும் வீட்டில் இருந்தால் முதல் பார்வைக்கு அதுவே போதும். தமிழில் எழுதினீர்கள் என்பதில் தொந்தரவு இல்லை, ஒற்றைச் சொல்லாக எழுதினீர்கள் என்பதில்தான். நொட்டோரியஸுக்கு ‘பேர்போன’ என்று எழுதாமல் ‘கெட்டதற்கு ஊரறிந்த’ என்று எழுதுங்கள். எக்ஸாஸர்பேட்டுக்கு ‘ஏற்கெனவே இருக்கும் பிரச்சினையை இன்னும் மோசமாக்கு’. அலீவியேட்டுக்கு ‘படும் கஷ்டத்தை, வலியைக் குறை’. தமிழிலேயே சொல்லோடு வாக்கியம் காட்டும் அகராதி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நூலகத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டுங்கள், 1992இல் முதல் பதிப்பு வந்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லுக்கே எத்தனை பொருள், ஒவ்வொன்றும் எப்படி வேறு வாக்கியத்தில் உட்காருகிறது என்று பார்த்தால் ஆங்கில நோட்டை எப்படி எழுத வேண்டும் என்பது தானாகப் புரியும்.

எந்த வார்த்தைகளைப் படிப்பது என்பதையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். கடினம் என்றால் யாருக்கும் தெரியாத வார்த்தை என்று நினைக்கிறோம். நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000ஆம் ஆண்டு ஒரு கல்விச் சொற்பட்டியல் வெளியிட்டார், வெறும் 570 சொற்குடும்பங்கள், பல்கலைக்கழகப் பாடநூல்கள், ஆய்வுக் கட்டுரைகள் போன்ற எழுத்தில் பத்தில் ஒரு வார்த்தை அதிலிருந்துதான் வருகிறது என்று கணக்குக் காட்டினார். அதில் பயமுறுத்தும் வார்த்தை ஒன்றும் இருக்காது, ஃபேக்டர், இண்டிகேட், சஸ்டெயின் மாதிரி முகம் தெரிந்த ஆட்கள்தான். அந்த முகம் தெரிந்தவர்களிடம்தான் நாம் ஏமாறுகிறோம். வங்கிக்குப் போகப்போகிறவர் நீங்கள், சாங்ஷன் என்றால் கடன் சாங்ஷன் ஆயிற்று, அனுமதி, தெரியும். ஒரு நாட்டின் மேல் சாங்ஷன்ஸ் போட்டார்கள் என்று செய்தியில் வந்தால் அது தண்டனை, தடை. நேர் எதிர். அவுட்ஸ்டேண்டிங் ஸ்டூடன்ட் என்றால் சந்தோஷப்படலாம், அவுட்ஸ்டேண்டிங் அமவுண்ட் என்றால் இன்னும் கட்டவில்லை. கம்பவுண்ட் என்றால் வேதியியல்காரருக்குச் சேர்மம், கம்பவுண்ட் இன்டரெஸ்ட் என்றால் கூட்டு வட்டி, ஆனால் ‘கம்பவுண்டட் த பிராப்ளம்’ என்று தலையங்கத்தில் வந்தால் எக்ஸாஸர்பேட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இப்படித் தெரிந்த வார்த்தையின் தெரியாத அர்த்தத்தை மெயின்ஸில் விரும்பிக் கேட்பார்கள்.

ஆகவே பிடிஎஃப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, தினமும் ஒரு தலையங்கம். அதிலிருந்து ஐந்து வார்த்தைக்கு மேல் வேண்டாம், மூன்று இருந்தாலும் சரி. இருபதை எழுதுவது கைக்குத்தான் பயிற்சி.

மறதிக்கு வருகிறேன், இது சீக்கிரம் முடிந்துவிடும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் எழுதினார். முதல் ஒரு நாளைக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அப்புறம் மெதுவாகத்தான் கழிகிறது. உங்களுக்கு ஒரு வாரத்தில் மறப்பது மூளைக் கோளாறு இல்லை, எழுதியதோடு விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972இல் ஒரு பெட்டி முறை சொன்னார், அதற்குக் காசு செலவில்லை. வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சீட்டு செய்துகொள்ளுங்கள், ஒரு ஸ்வீட் பாக்ஸில் அட்டை வைத்து ஐந்து அறை தடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சீட்டு முதல் அறையில். அதைத் தினமும் பாருங்கள், சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குத் தள்ளுங்கள், அதை மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதற்கடுத்தது வாரத்துக்கு ஒரு தடவை, இப்படி இடைவெளி நீண்டுகொண்டே போகும். எந்த அறையில் தடுமாறினாலும் சீட்டு முதல் அறைக்கே திரும்ப வேண்டும், அதில் இரக்கம் காட்டக் கூடாது. இதையே போனில் செய்ய அன்கி என்ற செயலி இருக்கிறது, ஆண்ட்ராய்டில் இலவசம், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கலாம்.

சீட்டின் முன்பக்கம் வார்த்தையை எழுதாதீர்கள், எல்லோரும் செய்யும் தப்பு அது. முன்பக்கம் வாக்கியம், வார்த்தை இருந்த இடத்தில் கோடு. பின்பக்கம் வார்த்தை, ஒரு வரி விளக்கம், அதோடு சேரும் இரண்டு மூன்று ஆட்கள். தேர்வு உங்களை அப்படித்தான் கேட்கப்போகிறது, வீட்டிலும் அப்படியே கேட்டுப் பழகிவிடுங்கள். சீட்டைப் பார்த்ததும் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பு ஆகாது. வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் திருப்புங்கள். சொல்லும்போது உச்சரிப்பும் சரியாக வர வேண்டும், எழுத்தைப் பார்த்து எபிடோம் என்று படித்தால் ஆங்கிலேயனுக்குப் புரியாது, அது எபிடமி. ஹைபர்போல் இல்லை, ஹைபர்பொலி. அகராதித் தளத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கும், ஒரு தடவை அழுத்திக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வேர்ச்சொல்லையும் முன்னொட்டையும் வைத்து அர்த்தம் கண்டுபிடிக்கும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. ஊகத்துக்கு உதவும், சத்தியம் செய்ய உதவாது. இன் என்றால் இல்லை என்று சொல்லிக் கொடுப்பார்கள், அதை நம்பினால் இன்ஃபேமஸ் என்பவர் புகழ் இல்லாதவர் ஆகிவிடுவார். அவர் நொட்டோரியஸின் கூட்டாளி. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது என்று குறித்துவிட்டுப் போவீர்கள், அது விலைமதிக்க முடியாதது. இன்ஃப்ளேமபிள் என்று டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக அந்த மூவாயிரம் ரூபாய் கோர்ஸ். அதன் இலவச மாதிரி வகுப்பு ஒன்று இருக்கும், அதில் வரும் உதாரண வாக்கியங்களை விரலால் மறைத்துப் பாருங்கள். பத்தில் ஏழு தேறினால் யோசிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். தலையங்கத்தை நூலகத்தில் போய்ப் படிக்கலாம், அகராதி போனில் இருக்கிறது. மூன்று நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள், அதிலிருந்து தேர்வில் உங்களைக் குழப்பிய ஜோடிகளை மட்டும் பொறுக்கி எடுத்து முதல் சீட்டுகளாக எழுதுங்கள். வாக்கியங்கள் ஒரு முப்பது சேர்ந்ததும் எனக்கு அனுப்பினால் திருத்தி அனுப்புகிறேன், ஆனால் வார்த்தைகளை மட்டும் அனுப்பி அர்த்தம் சரியா என்று கேட்காதீர்கள்.